கை வைத்துத் துதித்த சுவர்

ஸ்காபரோ, கனடா
03.11.2024

அன்புத் தங்கச்சி ஐவிக்கு,

ஆண்டவர் தயவில் நானும் அண்ணியும் சுகமாய் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்பதை நீ எழுதினால்தானே நான் அறியலாம்? வட்ஸ்அப்பில் என்ன போட்டாலும் போய்ச் சேருவதில்லை. போனை நிறுத்தி அலுமாரிக்குள் வைத்துவிட்டாய் என்று றொமேஷ் சொன்னான். உன்னைப் பற்றிச் சபைப் பொருளாளருக்குத் தெரிந்த அளவுகூடக் கூடப்பிறந்தவனுக்குத் தெரியவில்லை. அதனால்தான் முத்திரை ஒட்டி எழுதுகிறேன். இங்கே தபாற்கந்தோரில் நிற்கிற பெட்டை என்னை ஒரு மாதிரித்தான் பார்க்கிறாள்.

சபையின் ஆண்டறிக்கை போன கிழமை ஈமெயிலில் வந்தது. கடலரிப்புத் தடுப்புச் சுவர் கட்டி முடிந்து, ஒக்டோபரில் சபையார் கை வைத்துத் துதித்தார்கள் என்று போட்டிருந்தது. வாசித்துவிட்டு அண்ணிக்குத் தெரியாமல் அழுதேன். ரொறொன்ரோ, லண்டன், மெல்பேண் என்று சிதறிக் கிடக்கிற நம் சபைப் பழசுகளை எல்லாம் நச்சரித்துச் சேர்த்த காசு, ஐவி. சிலர் என் நம்பரைக் கண்டாலே போனை எடுப்பதில்லை. கொடுத்தவர்கள் இப்போது படம் கேட்கிறார்கள். றொமேஷ் "அனுப்புறன், அனுப்புறன்" என்கிறான், வந்தபாடில்லை. ஒருநாள் ஆராதனை முடிந்ததும் சுவருக்கு முன்னால் நின்று நீயே ஒரு படம் எடுத்து அனுப்பு. அம்மாவின் பெயர் பதித்த கல் தெரிய வேண்டும்.

டிலக்ஷியை நினைக்காத நாள் இல்லை. ஞானஸ்நானம் எடுத்த சந்தோசத்தில் சிநேகிதிகளோடு மறுபடி கடலில் குளிக்க இறங்கின பிள்ளைக்கு அப்படி நடக்கும் என்று யார் கண்டது? உன் ஒரே மகள். அவளைப் பற்றி ஒரு வரிகூட நீ எனக்கு எழுதவில்லை. அது எனக்குப் பெரிய குறை. சொல்லிவிட்டேன்.

உன் அண்ணன்
நிக்கலஸ்


அன்புவழிபுரம், திருகோணமலை
24.11.2024

அன்புள்ள அண்ணா,

உங்கள் கடிதம் கிடைத்தது. அண்ணியின் முழங்கால் எப்படி? எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. கச்சேரிக் கந்தோருக்கு வேலைக்குப் போகிறேன், வருகிறேன், ஒரு சுண்டு அரிசி போடுகிறேன். நீங்கள் சொன்ன குறை நியாயமான குறைதான்.

படம் அனுப்ப ஏலாது. சுவர் இல்லை அண்ணா.

பாதியில் நிற்கிறது என்றோ வெடித்துவிட்டது என்றோ நினைக்க வேண்டாம். ஒரு கல்லும் வைக்கவில்லை. தேவாலயத்தின் பின்வாசலில் நின்றால் உள்துறைமுகத் தண்ணீர் முன்பு தெரிந்ததுபோலவே தெரிகிறது. நம் சபையின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். கூரை ஓடு மாற்றினாலும் கிணறு இறைத்தாலும் எல்லாரும் பாடிக்கொண்டு போய், செய்த வேலையின்மேல் கை வைத்துத் துதிக்க வேண்டும். அதன் பிறகுதான் பொருளாளர் அந்தச் செலவைக் கணக்கில் மூடலாம். ஒக்டோபரில் அதைத்தான் செய்தார்கள். போதகர் ஞானசேகரம் முன்னே நடந்தார், சபை பின்னே போனது. நான் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டேன். தண்ணீருக்குக் கொஞ்சம் முன்னால் எல்லாரும் ஒரே கோட்டில் நின்று கையை நீட்டினார்கள். வெறும் காற்று. ஆனால் ஒருவருடைய கையும் மற்றவர் கையைத் தாண்டிப் போகவில்லை அண்ணா. ஞாயிறு பள்ளி புளோரன்ஸ் ரீச்சர் கன்னத்தையும் சாய்த்து வைத்து, "என்ன குளிர்ச்சியா இருக்கு" என்றார்.

பயத்தில் நடிக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்க முடியவில்லை. தெருவில் திரிகிற நம் ஊர் மான்கள் நினைத்த இடத்தில் படுக்கிறவை. போன ஞாயிறு பின்வளவில் அந்தக் கோட்டோடு வரிசையாய்ப் படுத்திருந்தன. ஒன்று முதுகைச் சாய்த்துக்கொண்டு அசை போட்டது. எதில் சாய்ந்திருக்கிறது என்று கிட்டப் போய்ப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அப்படியானால் காசு எங்கே என்று கேட்பீர்கள். அதை எழுத எனக்கு உரிமை இல்லை.

அன்புத் தங்கை
ஐவி


ஸ்காபரோ
15.12.2024

ஐவி,

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். கோபிக்காதே, டொக்டர் தந்த குளிசைகளை ஒழுங்காய்ப் போடுகிறாயா?

உடனே றொமேஷுக்கு அடித்தேன். "மச்சான், சுவர் மலை மாதிரி நிக்குது. ஐவிக்குத்தான் மனம் கொஞ்சம் சரியில்லை. நாங்கள் எல்லாரும் அவவுக்காக ஜெபிக்கிறம்" என்றான். அவனும் நானும் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். என்னிடம் பொய் சொன்னால் அவனுக்குக் குரல் கீச்சிடும். அன்று கீச்சிடவில்லை. அறிக்கையை மறுபடி எடுத்துப் பார்த்தேன். கணக்காய்வாளர் ஒப்பமிட்டு முத்திரை குத்தியிருக்கிறார். இல்லாத சுவருக்கு எந்தக் கணக்காய்வாளர் முத்திரை குத்துவார்?

ஆனாலும் உன் கடைசி வரி என்னைத் தூங்க விடவில்லை. சொந்த அண்ணனுக்கு ஒன்றை எழுத யாரிடமிருந்து உனக்கு உரிமை வேண்டும்? யார் உன் வாயைக் கட்டியது? நத்தார் பண்டிகை வருகிறது. இந்தப் புதிரோடு என்னை இருத்திவிட்டு நீ அங்கே தனியே இராதே. எதுவானாலும் எழுது.

உன் அண்ணன்
நிக்கலஸ்


அன்புவழிபுரம்
09.01.2025

அன்புள்ள அண்ணா,

குளிசை போடுகிறேன். அது நித்திரைக்கு. சுவரைக் கட்டவும் இடிக்கவும் அதற்கு வல்லமை இல்லை.

காசு என்னிடம் இருக்கிறது. நீங்கள் சுவருக்கென்று சேர்த்து அனுப்பியது முழுவதும் வங்கியில் என் பெயரில் கிடக்கிறது. ஒரு சதமும் தொடவில்லை. டிலக்ஷிக்காகச் சபை எனக்குக் கொடுத்த இழப்பீடு அது.

அவள் மறுபடி குளிக்க இறங்கவில்லை. அவள் கரையேறவே இல்லை அண்ணா. உயிர்த்த ஞாயிறு விடியற்காலை. தண்ணீருக்குப் பயந்தவள், தொட்டியில் ஞானஸ்நானம் தந்தால் போதும் என்று கேட்டாள். போதகர், "விசுவாசம் இருந்தாக் கடலும் தொட்டிதான் பிள்ளை" என்றார். பக்கத்து வளவு மீன்காரன் அப்ராஸ் வள்ளத்தில் நின்றுகொண்டு, "ஐயா, இண்டைக்கு இழுவை கூட! ரெண்டடி தள்ளினாக் கிடங்கு, இறங்காதேங்கோ!" என்று கத்தினான். சபையார் பாட்டை இன்னும் உரத்துப் பாடினார்கள். போதகர் அவளை நெஞ்சளவு தண்ணீருக்குக் கொண்டுபோய் அமிழ்த்தினார். அவருக்குக் கால் வழுக்கியது, கை விட்டது. அவர் எழும்பினார், அவள் எழும்பவில்லை. அப்ராஸ் பாய்ந்து எடுத்து வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. சபை முழுக்கக் கரையில் நின்று பார்த்தது. அன்று பின்னேரமே "மறுபடி குளிக்கப் போனவள்" என்ற கதை வந்துவிட்டது. பொலிஸுக்கும் அதையே சொன்னார்கள். நான் வாய் திறக்கிற நிலையில் இருக்கவில்லை.

பிறகு, டிலக்ஷியின் சித்தப்பா, கொழும்பில் சட்டத்தரணியாய் இருக்கிறவர், சபைக்குக் கடிதம் போட்டார். செயற்குழு நடுங்கிவிட்டது. தனிச் சபை; மேலே காசு கொடுக்க ஒரு தலைமைச் சபையும் இல்லை, காப்புறுதியும் இல்லை. வளவில் ஒரு துண்டை விற்கலாம், ஆனால் அதற்குச் சபையாரின் வாக்கு வேண்டும். வாக்குக் கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். திருத்த வேலை என்றால் வாக்கும் வேண்டாம், காரணமும் வேண்டாம், செயற்குழுவின் கையெழுத்துப் போதும். சுவர் அப்படித்தான் வந்தது. அங்கே நீங்கள் கடல் அரிக்கிறதென்று வீடு வீடாய்ப் போனீர்கள். இங்கே அவர்கள் என்னோடு உடன்படிக்கை எழுதினார்கள்.

ஏன் வாங்கினாய் என்பீர்கள். காசைக் கொடுத்தால் பிழையை ஒத்துக்கொண்டதாகும் என்று நம்பினேன். "எந்தத் தவறையும் ஏற்காமல்" என்று உள்ளே ஒரு வரி இருந்தது. நான் கதைத்தால் முழுக்காசையும் திருப்ப வேண்டும் என்று இன்னொரு வரி. திருப்பத் தயார் என்று முடிவெடுத்துக் கதைத்தும் பார்த்தேன். மாதர் சங்கத்தில் எழும்பி நின்று நடந்ததெல்லாம் சொன்னேன். எல்லாரும் தலையை ஆட்டிக் கேட்டார்கள். முடிந்ததும் புளோரன்ஸ் ரீச்சர், "ஐவி, உமக்குப் பிளேன்ரீயோ பால்ரீயோ?" என்றார். செவிடர்கள் இல்லை அண்ணா. நான் சொன்னது எங்கேயோ முட்டி நின்றுவிட்டது.

இதையும் எழுத வேண்டும். கார்த்திகைப் புயலில் அப்ராஸின் வளவுக்குள் கடல் ஏறியது. மற்றப் பக்கத்து ஐஸ் பக்டரிக்குள்ளும் ஏறியது. சபை வளவுக்குள் வரவில்லை. நூல் பிடித்ததுபோல் ஈரம் அந்தக் கோட்டில் நின்றிருந்தது. அப்ராஸ் வந்து பார்த்து, "அக்கா, இதிலை என்ன இருக்கு?" என்று மெல்லக் கேட்டான். அவன் கண்ணுக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அன்றிலிருந்து வள்ளத்தை அந்தப் பக்கம் கட்டுவதில்லை. எனக்குப் பயமாய் இருக்கிறது. அத்தனை பேரும் சேர்ந்து கை வைத்தார்கள். எதன்மேல் வைத்தார்களோ அது அங்கே நிற்கிறது.

மார்ச் கடைசி ஞாயிறு ஆண்டுப் பொதுக்கூட்டம். உடன்படிக்கை உள்ளவள் என்று என்னை வெளியே இருக்கச் சொல்லிவிட்டார்கள். காசு கொடுத்தவர் எழும்பிக் கேட்டால் பதில் சொல்ல வேண்டும், பதிலைக் கூட்டக் குறிப்பில் எழுத வேண்டும் என்பது சபையின் சட்டம். நீங்கள் ஒன்றிலும் ஒப்பமிடவில்லை. வந்து கேளுங்கள் அண்ணா. எங்கள் காசு எங்கே, அந்தப் பிள்ளை எப்படிச் செத்தது என்று கேளுங்கள். அவர்கள் வாயால் டிலக்ஷி என்று சொல்ல வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டும்.

தங்கை
ஐவி


ஸ்காபரோ
30.01.2025

என் செல்லத் தங்கச்சி,

குசினிக் கதிரையில் இருந்துதான் உன் கடிதத்தை வாசித்தேன். அண்ணி ஓடி வந்து பார்க்கிற அளவுக்குச் சத்தம் போட்டு அழுதேன். பிறகு றொமேஷுக்கு அடித்து வாயில் வந்ததெல்லாம் பேசினேன். அவன் அமைதியாய்க் கேட்டுவிட்டு, "மச்சான், வந்து பார்" என்றான்.

காசு உன்னிடம் வந்ததில் எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை. உண்மையைச் சொல்லிக் கேட்டிருந்தால் டிலக்ஷிக்காக இன்னும் சேர்த்திருப்பேன். என் வாயாலேயே ஊர் உலகமெல்லாம் பொய் சொல்ல வைத்தார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. கடல் அரிக்கிறது, கடல் அரிக்கிறது என்று எத்தனை பேரிடம் சொன்னேன்!

டிக்கெட் போட்டுவிட்டேன். கூட்டத்துக்கு முன்னமே வந்துவிடுவேன். உன் கையால் ஒரு சொதி வை, போதும். நான் கேட்பேன் ஐவி. கேட்காமல் திரும்பினால் அன்றோடு என்னை அண்ணா என்று கூப்பிடாதே.

உன்
நிக்கலஸ் அண்ணா


ஸ்காபரோ
14.04.2025

அன்புள்ள ஐவிக்கு,

சுகமாய் வந்து சேர்ந்தேன். நீ கட்டித் தந்த முறுக்கு அண்ணிக்கு நல்ல விருப்பம்.

அன்று கூட்டம் முடிந்து வந்து "கேட்டனான், எல்லாம் சரி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பின்னேரக் கொழும்பு பஸ்ஸில் ஏறிவிட்டேன். நீ வாசலில் நின்ற மாதிரியைப் பார்த்துக்கொண்டு வேறு ஒன்றும் சொல்ல ஏலாமல் போனது. அதனால் எழுதுகிறேன்.

நான் எழும்பினேன். "சுவர் எங்கை?" என்று கேட்டேன். சண்டை வரும் என்று நினைத்துத்தான் போனனான். ஒருவருக்கும் கோபம் வரவில்லை. போதகர் என் தோளில் கை போட்டு, "வாங்கோ தம்பி, பாப்பம்" என்றார். சபை முழுக்க எழும்பிப் பாடிக்கொண்டு வந்தது. அம்மா பாடுகிற பாட்டு. என்னை நடுவில் விட்டார்கள். கண்ணுக்குக் கடல்தான் தெரிந்தது, நீ எழுதினபடியே. இது காற்று என்று காட்டுவதற்காகக் கையை நீட்டினேன்.

கை நின்றது ஐவி. கருங்கல். குளிர்ந்து, உப்புப் பூத்து, நல்ல தடிப்பாய் இருந்தது. விரலை ஓட்டிப் பார்த்தேன், அம்மாவின் பெயர் தட்டுப்பட்டது. அதன் பிறகு கண்ணுக்கும் தெரிந்தது. கடல் தெரியவில்லை. இவ்வளவு சுத்தமான வேலையை நான் எங்கும் கண்டதில்லை. அடுத்ததாய் என்னவோ கேட்க நினைத்திருந்தேன், அது நினைவுக்கு வரவில்லை. றொமேஷ் பிளேன்ரீ தந்தான். குடித்தோம்.

நீ கிடந்து வருந்தாதே. ஒரு ஞாயிறு எல்லாரோடும் போய்க் கை வைத்துப் பார். எனக்கு மனம் எவ்வளவு லேசாகிவிட்டது தெரியுமா? வந்த நாளிலிருந்து நன்றாய்த் தூங்குகிறேன்.

உன் அண்ணன்
நிக்கலஸ்


அன்புவழிபுரம்
06.05.2025

நிக்கலஸ் அவர்களுக்கு,

அண்ணா என்று எழுத வேண்டாம் என்று சொன்னவர் நீங்கள்தான்.

வாசலில் நான் எதற்காக நின்றேன் என்று உங்களுக்குத் தெரியும். குறிப்பில் என்ன எழுதினார்கள் என்று கேட்கத்தான் நின்றேன். "எல்லாம் சரி" என்றீர்கள். நான் உங்களைக் கட்டிப் பிடித்து அழுதேன். நீங்கள் என் தலையைத் தடவினீர்கள். அதை நினைக்க நினைக்க எனக்குப் பற்றி எரிகிறது.

உங்கள் கடிதம் வந்த அன்றே கரைக்குப் போனேன். அவள் இறங்கின இடத்தில் கொஞ்ச நேரம் நிற்பது என் வழக்கம். வேகமாய்த்தான் நடந்தேன். நெற்றி அடிபட்டு விழுந்துவிட்டேன். எனக்கும் வந்துவிட்டது. கண்ணுக்கு இன்னும் இல்லை, உடம்புக்கு இருக்கிறது. அந்தப் பக்கம் போக ஏலாமல் கையால் தடவித் தடவிக் கோட்டின் முடிவு வரைக்கும் போனேன். ஐஸ் பக்டரி வேலி வரைக்கும் நீள்கிறது. அப்ராஸின் மனைவி நுஸ்ரத் கண்டு தன் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போய் இரத்தத்தைக் கழுவினாள். எதில் இடித்தீர்கள் என்று அவள் கேட்கவில்லை. "டிலக்ஷிப் பிள்ளை இருந்திருந்தா இப்பிடி உங்களைத் தனிய விட்டிருக்குமோ?" என்றாள். அந்தப் பெயரை இன்னொரு வாயில் கேட்டு எவ்வளவு காலம்! நான் அழுத அழுகையில் அவளுடைய பிள்ளைகள் பயந்துவிட்டார்கள்.

காசைத் திருப்பிவிட்டேன். காசோலையை றொமேஷின் மேசையில் வைத்தேன். எந்தத் தலைப்பில் போடுவது என்று தடுமாறினார். சுவர் என்றே போடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். பெந்தெகொஸ்தே ஞாயிறு சாட்சி நேரத்தில் எழும்பி எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். கேட்கிறவர் கேட்கட்டும். அதன் பிறகு இந்தச் சபையும் வேண்டாம், இந்த வீடும் வேண்டாம். தள்ளி, கப்பல்துறை ஊரில் ஒரு வீடு பார்த்திருக்கிறேன்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீங்கள் கடைசியாய் எழுதிய கடிதத்தில் என் மகளின் பெயர் ஒரு இடத்திலும் இல்லை. தேடிப் பார்த்தேன். அவளுக்கு அந்தப் பெயரை வைத்தவரே நீங்கள்தான். அந்தப் பெயரை உங்கள் கையால் எழுதி அனுப்புங்கள். வேறு ஒரு வரியும் எழுத வேண்டாம். அது வந்தால், உங்களை அண்ணா என்று கூப்பிட எனக்கு இன்னும் மனம் இருக்கிறது.

ஐவி


ஸ்காபரோ
20.07.2025

அன்புத் தங்கச்சி ஐவிக்கு,

உன் கடிதம் வந்து எவ்வளவோ நாளாகிவிட்டது. பதில் போடப் பிந்தியதற்கு மன்னித்துக்கொள். கோபத்தில் எழுதினதை எல்லாம் நான் மனதில் வைக்கவில்லை. நெற்றிக் காயம் ஆறிவிட்டதா? மஞ்சள் வைத்தாயா?

பெந்தெகொஸ்தேயில் நீ சாட்சி சொன்னாய் என்று றொமேஷ் சொன்னான். நல்லாய்ச் சொன்னாயாம், எல்லாரும் ஆமென் சொன்னார்களாம். என்ன சொன்னாள் என்று கேட்டேன். அது அவனுக்கு வடிவாய் நினைவில்லை. வேலிக்கு வெளியே வள்ளக்காரர் கொஞ்சப் பேர் பெண்டுபிள்ளைகளோடு வந்து நின்று கேட்டவையாம், சிலர் அழுதவையாம். அவைக்கு இதற்குள் என்ன அலுவல் என்று அவனுக்கு எரிச்சல். கப்பல்துறைக்குப் போய்விட்டாய் என்றும் சொன்னான். புது விலாசம் அவனிடம் இல்லை, பழைய விலாசத்துக்கே எழுதுகிறேன். தபால்காரர் கொண்டுவந்து தருவார் என்று நம்புகிறேன்.

சுவரின் படம் கடைசியில் வந்து சேர்ந்தது. பெரிதாக்கிச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டியிருக்கிறோம். அண்ணிக்கும் நல்ல விருப்பம். வருகிறவர்கள் எல்லாரும் கிட்டப் போய்த் தொட்டுப் பார்க்கிறார்கள்.

நீ கேட்டதை மறக்கவில்லை. எழுதத்தான் ஒவ்வொரு நாளும் மேசையில் இருக்கிறேன். நான் வைத்த பெயர் என்கிறாய், அப்படித்தான் இருக்க வேண்டும். பேனையை வைத்தால் வருகிறதில்லை. அண்ணியைக் கேட்டேன். "எந்தப் பிள்ளை?" என்றாள். உன் பழைய கடிதங்களில் இருக்கும் என்று எல்லாவற்றையும் எடுத்து விரித்துப் பார்த்தேன். அந்த இடம் வருகிறது, எழுத்தும் தெரிகிறது, எழுத்துக் கூட்டி வாசிக்கத்தான் வரவில்லை. கண் டொக்டரிடமும் போனேன், கண்ணில் ஒரு பிழையும் இல்லையாம்.

என்னோடு கோபித்துக்கொள்ளாதே. நீயே ஒருதரம் பெரிய எழுத்தில் எழுதி அனுப்பு, பார்த்து எழுதுகிறேன். உன் பிள்ளைக்கு என்ன பெயர், ஐவி?

உன் அண்ணன்
நிக்கலஸ்